தண்டால் கணக்கும் நெய்ச் செலவும்

1888ஆம் ஆண்டு. ஜோத்பூர் மகாராஜா நாலா திசையிலிருந்தும் பயில்வான்களை வரவழைத்து ஒரு போட்டி வைத்தார். குஸ்தி அல்ல, பஸ்கி. கடைசி வரை உட்கார்ந்து எழுகிறவருக்கே பரிசு. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வரிசை கட்டி நின்று தொடங்கினார்கள். நேரம் போகப் போகத் தொடை நடுங்கி ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். கடைசியில் பதினைந்து பேர் மிஞ்சினார்கள். அந்தப் பதினைந்து பேரில் ஒருவன் பத்து வயதுப் பையன். அவன் வயதை நினைத்து வியந்த மகாராஜா, அவனே வென்றதாக அறிவித்துவிட்டார். குலாம் முகம்மது என்ற அந்தப் பையனைத்தான் உலகம் பின்னாளில் காமா பயில்வான் என்று கொண்டாடியது.

அமிர்தசரஸ் பக்கத்துக் குஸ்திக் குடும்பம் அவருடையது. ஆறு வயதில் தந்தை இறந்துபோக, தாத்தாவும் அவருக்குப் பின் மாமனும் பையனைக் கோதாவில் இறக்கினார்கள். ஜோத்பூர் போட்டிக்குப் பிறகு ததியா சமஸ்தானத்து மகாராஜா அவரைத் தன் ஆதரவில் எடுத்துக்கொண்டார். வளர்ந்த காமா தினமும் 3,000 தண்டாலும் 5,000 பஸ்கியும் எடுத்தார் என்பது அவரைப் பற்றி எழுதிய பலரும் சொல்லும் கணக்கு. கோதாவில் நாற்பது பேருடன் மல்லுக்கட்டியது தனி.

இந்த எண்ணிக்கையைக் கேட்டவுடன் வாய் பிளக்கத் தோன்றும். வரலாறு எழுதுகிறவருக்கோ அடுத்த கேள்வி வர வேண்டும். நாளுக்கு எட்டாயிரம் முறை குனிந்து எழுகிறவர் ஏர் பிடித்திருக்க முடியாது, கடை வைத்திருக்க முடியாது. பயிற்சி போக மிச்ச நேரம் தின்னவும் தூங்கவும்தான் சரியாக இருக்கும். அப்படியானால் அவருக்குச் சோறு போட்டது யார்? பயில்வானின் உடல் தகுதி என்று நாம் இன்று சொல்வதைக் காலந்தோறும் தீர்மானித்தது இந்தக் கேள்விக்கான பதில்தான். குருவின் கட்டளை பாதி என்றால், அரண்மனையின் நெய்ப்பானை மறு பாதி.

முதலில் தண்டாலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் விசிலுக்கு எடுக்கும் புஷ்-அப்பும் பயில்வான் எடுக்கும் தண்டாலும் ஒன்றல்ல. புஷ்-அப்பில் தலை முதல் குதிகால் வரை உடம்பு ஒரே நேர்கோட்டில் விறைத்திருக்கும்; கை மடங்கும், நிமிரும், அவ்வளவே. தண்டால் இடுப்பிலிருந்து தொடங்குகிறது. கையும் காலும் தரையில் ஊன்றியிருக்க, இடுப்பு மேலே உயர்ந்து நிற்கும். தலை இரு தோள்களுக்கும் நடுவே தொங்கும். அங்கிருந்து முழங்கை மடிய, முகம் தரையை உரசுகிற அளவுக்கு இறங்கும். மார்பு இரண்டு கைகளுக்கும் இடையே ஊர்ந்து முன்னால் போகும். அதன் பிறகு முதுகு வளைந்து தலை நிமிரும். அப்படியே இடுப்பைப் பின்னுக்கு இழுத்துப் பழைய நிலைக்கு வந்தால் ஒரு தண்டால் முடிந்தது. தோளும் மார்பும் மட்டுமல்ல, கழுத்து, முதுகுத்தண்டு, இடுப்பு, பின்தொடை எல்லாமே ஒரே ஓட்டத்தில் வேலை செய்துவிடுகின்றன.

இந்த அசைவுக்குக் கோதாவில் நேரடியான வேலை இருக்கிறது. குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால்தான் தோல்வி. குப்புற விழுந்தவன் இன்னும் தோற்கவில்லை. மேலே ஏறி அழுத்துகிறவன் அவனைப் புரட்டிப் போடப் பார்ப்பான். கீழே கிடப்பவன் கையை ஊன்றி, இடுப்பைத் தரையோடு அமுக்கி, மார்பை நிமிர்த்தி நழுவ வேண்டும். காலைப் பிடிக்கப் பாய்ந்து வருகிறவன் மேல் இடுப்பை இறக்கி அவனை மடக்குவதும் இதே அசைவுதான். தண்டால் எடுக்கிறவன் எதிராளி இல்லாமலே குஸ்தி போட்டுக்கொண்டிருக்கிறான்.

வகைகளும் இந்தத் தேவையிலிருந்தே பிறந்தன. ஒரு காலைப் பின்னால் மேலே தூக்கிக்கொண்டு எடுப்பது விருச்சிக தண்டால். பளு ஒரு பக்கமாகச் சாயும்போது உடம்பு குலையாமல் இருக்க அது பழக்கும். பாதத்தை மாற்றி மாற்றிக் கையருகே கொண்டுவந்து எடுப்பது அனுமன் தண்டால். அது இடுப்பை இளக்கும். உடம்பை வட்டமாகச் சுழற்றி எடுப்பது சக்கர தண்டால். செங்கல்லின் மேல் கையை ஊன்றி எடுத்தால் மார்பு இன்னும் ஆழமாக இறங்கும். இந்த வகைகளையெல்லாம் தொகுத்துப் படங்களோடு பதிவு செய்தவர் பரோடாவைச் சேர்ந்த டி.சி. முஜும்தார். இந்திய உடற்பயிற்சிக் கலைக்களஞ்சியம் என்று சொல்லத்தக்க அவருடைய ஆங்கிலத் தொகுப்பு 1950இல் வெளிவந்தது.

தமிழ்நாட்டின் பழைய உடற்பயிற்சிக் கூடங்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்ற மூன்றும் வஸ்தாது எனப்படும் ஆசான் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்கள். தமிழில் மற்போர் அதைவிட வெகு பழையது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டான். மாமல்லபுரம் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது.

மல்லர்களைத் தேற்றுவதற்கான திட்டம் விரிவாக எழுத்தில் கிடைப்பது 12ஆம் நூற்றாண்டில். கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய ‘மானசோல்லாசம்’ நூறு அதிகாரங்கள் கொண்ட வடமொழி நூல். ஆட்சிமுறை, சமையல், யானை, இசை என்று ஓர் அரசன் அறிய வேண்டியவை எல்லாம் அதில் உண்டு. மல்யுத்தத்துக்குத் தனி அதிகாரமே உண்டு. மல்லர்களை வயதையும் ஆற்றலையும் வைத்துத் தரம் பிரிக்கிறான் அரசன். பளு தூக்குவது, நடப்பது, நீந்துவது, கைகளைப் பிணைத்துத் தள்ளுவது, தூணில் ஏறிப் பழகுவது எனப் பயிற்சிகளைப் பெயர் சொல்லி வகுக்கிறான். பருப்பு, இறைச்சி, பால், இனிப்புப் பண்டம் என்று உணவும் அரண்மனைப் பொறுப்பு. மல்லன் உடம்பைத் தவிர வேறு எதிலும் கவனம் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. உடல் தகுதி, உணவு, ஊதியம் மூன்றும் ஒரே ஒப்பந்தத்தின் விதிகளாக அந்த அதிகாரத்தில் சேர்ந்து நிற்கின்றன.

குஜராத்தில் வேறு மாதிரி. மோடேரா ஊரைச் சேர்ந்த ஜ்யேஷ்டிமல்லர்கள் மல்யுத்தத்தையே குலத்தொழிலாகக் கொண்ட பிராமணர்கள். அவர்களுக்கென்றே எழுதப்பட்டது ‘மல்லபுராணம்’. இன்று கிடைக்கும் பழைய சுவடி 1640ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நூல் அதற்கும் முந்தியது. அது சொல்லும் பயிற்சிகளில் தசைக்கான வேலை மட்டும் இல்லை. பிடிகளைப் பற்றி உட்கார்ந்து பேசி அலசுவதையும் ஒரு பயிற்சியாகவே எண்ணுகிறது. இவர்களின் ஒரு கிளை மைசூர் அரண்மனையை அடுத்து ஜெட்டிகள் என்று வாழ்ந்தது. தசரா நாளில் முட்டியில் கூரிய ஆயுதம் பூட்டி மோதும் வஜ்ரமுஷ்டி அவர்களுடைய உரிமை. எதிராளியின் தலையில் முதல் துளி ரத்தம் கண்டதும் ஆட்டம் நின்றுவிடும்.

அரசனே பயில்வானாக இருந்தால்? 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயரின் விடிகாலையைக் குறித்து வைத்திருக்கிறார். இருட்டு விலகும் முன்பே ராயர் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நல்லெண்ணெய் குடிப்பார். உடம்பெல்லாம் அதே எண்ணெயைப் பூசிக்கொள்வார். இடுப்பில் சிறு துண்டு மட்டும் கட்டி, மண்ணால் செய்த பெரும் எடைகளைக் கையில் தூக்குவார். பிறகு வாள் வீசுவார். எண்ணெய் முழுக்க வேர்வையாக வெளியேறும் வரை இது நடக்கும். அதன் பின் தன் மல்லர்களில் ஒருவரோடு மல்லுக்கட்டு. அதுவும் முடிந்து குதிரையேறி மைதானத்தைச் சுற்றி வரும்போதுதான் பொழுது விடியும்.

அக்பர் அவையில் கணக்கு இன்னும் துல்லியம். ஈரானியர், துரானியர், குஜராத்து மல்லர் எனப் பலர் அங்கே வேலையில் இருந்ததாக அபுல் ஃபசலின் ‘அயினி அக்பரி’ சொல்கிறது. அவர்களின் சம்பளம் 70 முதல் 450 தாம் வரை. நாற்பது தாம் ஒரு ரூபாய். தினமும் சரிக்குச் சரியான இருவரை மோதவிடுவார்கள்; ஜெயித்தால் பரிசு தனி. அந்த ஈரானியர்கள் வந்த நாட்டில் ஜூர்கானே என்ற பயிற்சிக்கூடம் இன்றும் இருக்கிறது. குழியான தளத்தில், தாழ்வான மரப்பலகையில் கையூன்றி, முரசுக்கும் பாட்டுக்கும் இசைவாக எல்லோரும் சேர்ந்து தண்டால் எடுப்பார்கள். அதற்கு அங்கே ஷெனா என்று பெயர். கர்லாக்கட்டைக்கு அண்ணன் தம்பி என்று சொல்லத்தக்க மரக்கட்டைகளும் அங்கே சுழலும். யுனெஸ்கோ 2010இல் ஜூர்கானே சடங்குகளைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. குஸ்தி, பயில்வான் என்ற சொற்களே பாரசீகத்திலிருந்து வந்தவை. இரண்டு மரபுகள் கலந்த இடத்தில்தான் இன்று நாம் காணும் அகாடா என்ற குஸ்திக்கூடம் உருவானது.

அகாடாவின் மண்ணைத் தயாரிப்பதே ஒரு பயிற்சி. மண்ணைச் சலித்து, மஞ்சளும் எண்ணெயும் மோரும் கலந்து பதப்படுத்துவார்கள். ஒவ்வொரு நாளும் மண்வெட்டியால் அதை முழுக்கக் கொத்திப் புரட்டிய பிறகே பிடி போடுவார்கள். கொத்தாத மண் இறுகிப்போய் எலும்பை உடைக்கும். பனாரஸ் அகாடாக்களில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ஜோசப் ஆல்டர், 1992இல் வெளியிட்ட நூலில் இந்த அன்றாடத்தை விரிவாக எழுதியிருக்கிறார். விடிவதற்கு முன் எழுவது, பிடி பழகுவது, தண்டால் பஸ்கி எடுப்பது, எண்ணெய் தேய்த்து ஒருவரை ஒருவர் பிடித்துவிடுவது, பிறகு பால், நெய், பாதாம். இத்தனைக்கும் நடுவே பிரம்மச்சரியம். உணவும் ஒழுக்கமும் தண்டாலோடு சேர்த்தே எண்ணப்பட்டன. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் பயனில்லை என்பது அங்கே நம்பிக்கை.

எல்லாக் கலையும் தண்டாலைக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேரளத்துக் களரியில் தண்டாலுக்குப் பெரிய இடம் கிடையாது. அங்கே காலை உயர வீசுவது, தாழ்ந்து பதுங்குவது, விலங்கு நிலைகளில் நிற்பது, ஆசான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்து எண்ணெய் ஏற்றுவது என்று உடம்பைப் பண்படுத்தும் வழியே வேறு. ஆயுதத்தோடு தாவிப் பாயும் கலைக்கு இளகிய இடுப்பும் நீண்ட காலும் வேண்டும். சிலம்பத்தில் முதல் பாடம் காலடி. ஒகினாவாவின் கராத்தேயில் புஷ்-அப் உண்டு. ஆனால் உள்ளங்கையை ஊன்றாமல் மடக்கிய முட்டியின் முதல் இரண்டு கணுக்களில் எடுப்பார்கள். குத்தும்போது அடி விழுவது அந்தக் கணுக்களில்தான். மணிக்கட்டு மடங்கினால் குத்தியவன் கைதான் உடையும். ஜப்பானில் மசுதாட்சு ஒயாமா நிறுவிய கியோகுஷின் பிரிவில் பெல்ட் உயர உயர இப்படி எடுக்க வேண்டிய எண்ணிக்கையும் கூடுகிறது. கலை எந்த இடத்தில் உடம்பை மோதவிடுகிறதோ, பயிற்சி அந்த இடத்தைத் தேடிப் போகிறது.

மீண்டும் காமாவிடம் வருவோம். அவரை லண்டனுக்கு அனுப்பியது வங்காளத்துச் செல்வந்தர் சரத்குமார் மித்ரா. 1910இல் அங்கே உலகச் சாம்பியன் போட்டி. 170 சென்டிமீட்டர் உயரக்காரரான காமாவைக் குள்ளம் என்று முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. எந்த எடையிலும் மூன்று பேரை அரைமணி நேரத்தில் வீழ்த்துகிறேன் என்று அவர் சவால் விட்ட பிறகுதான் கதவு திறந்தது. அமெரிக்காவின் பெஞ்சமின் ரோலரை வீழ்த்தினார். செப்டம்பர் 10 அன்று போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவோடு மோதல். தன்னால் நின்று சமாளிக்க முடியாது என்று கண்ட ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் விரிப்பில் குப்புறப் படுத்து உடம்பை இறுக்கிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் போராடியும் புரட்ட முடியவில்லை, ஆட்டம் சமன். ஒரு வாரம் கழித்து மறு ஆட்டம் என்று அறிவித்தார்கள். ஸ்பிஸ்கோ வரவேயில்லை. காமாவுக்குப் பட்டம் கிடைத்தது.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1928 ஜனவரியில், பட்டியாலா மகாராஜா இருவரையும் மீண்டும் எதிரெதிரே நிறுத்தினார். அந்தக் குஸ்தி ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணில் பட்டது. காமாவுக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதிலும் அப்படி ஓர் உடம்பை வைத்திருக்க பட்டியாலா கஜானா துணை நின்றது.

சமஸ்தானங்கள் பயில்வான்களை வளர்த்ததில் பாசம் மட்டுமல்ல, அரசியலும் உண்டு. சொந்தமாகச் சண்டை போடும் உரிமையை ஆங்கிலேயரிடம் இழந்த அரசர்களுக்குத் தங்கள் பயில்வான் ஜெயிப்பதே மிச்சமிருந்த வீரம். கோலாப்பூர் சாகு மகாராஜா 1902இல் ஐரோப்பா போய் வந்தார்; ரோமாபுரி அரங்கைப் பார்த்த ஆர்வத்தில் தன் தலைநகரில் காஸ்பாக் மைதானத்தைக் கட்டத் தொடங்கினார். 1912இல் திறந்த அந்த மைதானத்தில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் நடுவிலுள்ள மண் தெரியும். ஊர் முழுக்கத் தாலீம் எனப்படும் பயிற்சிக்கூடங்கள். அரிசி, கோதுமை, பால் எல்லாம் மகாராஜாவின் கணக்கில்.

அதே ஆண்டுகளில் அரண்மனைக்கு வெளியே தண்டால் வேறொரு வேலைக்குப் போனது. வங்காளிகள் உடல்வலு அற்றவர்கள் என்று ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியும் பேசியும் வந்தார்கள். அதற்குப் பதிலாகக் கல்கத்தாவில் அகாடாக்கள் முளைத்தன. அம்பு குகாவின் அகாடாவில் இளம் விவேகானந்தர் குஸ்தி பழகினார். அந்தக் குடும்பத்துப் பேரன் கோபர் குகா 1921இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆட் சான்டெலை வென்று உலக லைட் ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். 1902இல் தொடங்கிய அனுசீலன் சமிதி வெளிப்பார்வைக்கு ஓர் உடற்பயிற்சிச் சங்கம். உள்ளே புரட்சி இயக்கம். காலையில் தண்டாலும் லாத்தியும் பழகிய இளைஞர்கள் இரவில் வெடிகுண்டு பற்றிப் படித்தார்கள். இங்கே நெய்ப்பானை கிடையாது. படிப்போடும் வேலையோடும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்ததால் எண்ணிக்கை சுருங்கியது. ஆட்களின் தொகையோ பெருகியது. பயில்வானுக்கு மட்டும் உரியதாக இருந்த பயிற்சியைப் பள்ளி மாணவரும் குமாஸ்தாவும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாற்றத்தில் சென்னைக்கும் பங்குண்டு. ஸ்ரீகாகுளம் பக்கத்து வீரகட்டத்தில் 1882இல் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடு சைதாப்பேட்டையில் உடற்பயிற்சி ஆசிரியராகப் படித்துவிட்டு விஜயநகரம் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் சர்க்கஸ் கம்பெனி நடத்தி, மார்பில் யானையை ஏற்றியும் இரும்புச் சங்கிலியை அறுத்தும் கலியுக பீமன் என்று பெயர் வாங்கினார். அவர் பெயராலேயே ராமமூர்த்தி தண்டால் என்று ஒரு வகை இன்றும் வழங்குகிறது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பயிற்சி ஆசிரியர் என்ற சம்பள வேலையை ஊர் ஊராகக் கொண்டுபோனது.

அவுந்த் என்ற சிறு சமஸ்தானத்தின் அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி முதலில் ஐரோப்பியப் பலசாலி சாண்டோவின் முறையைப் பின்பற்றியவர். பிறகு அதை விட்டுவிட்டு சூரிய நமஸ்காரத்துக்கு மாறினார், தன் ஆட்சியிலுள்ள பள்ளிகளில் அதைக் கட்டாயமாக்கினார், நூலும் எழுதினார். சூரிய நமஸ்காரத்தின் நடுப்பகுதியைப் பார்த்தால், உயர்ந்த இடுப்பு, தரையைத் தொடும் மார்பு, நிமிரும் தலை என்று தண்டால் அப்படியே தெரியும். மைசூரில் 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியாரின் பயிற்சிகளிலும் தண்டாலின் சாயலைக் காணலாம் என்கிறார் ஆய்வாளர் நார்மன் ஸ்ஜோமன். 1896இல் பரத்வாஜ் எழுதிய ‘வியாயாம தீபிகை’யை அதற்குச் சான்று காட்டுகிறார். கிருஷ்ணமாச்சாரியார் பின்னாளில் சென்னையில் குடியேறினார். அவரிடமும் அவருடைய மாணவர்களிடமும் பழகியவர்கள் வழியே அந்த அசைவு உலகின் யோகக் கூடங்களுக்கெல்லாம் போய்விட்டது.

கர்லாக்கட்டை அதற்கும் முன்பே கடல் தாண்டியிருந்தது. இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் அதைக் கற்றுக்கொண்டு போக, 1834இல் டொனால்டு வாக்கர் லண்டனில் வெளியிட்ட உடற்பயிற்சி நூலில் அது இடம்பெற்றது. 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. தண்டாலும் பின்தொடர்ந்தது. காமாவைப் பற்றித் தேடிப் படித்த புரூஸ் லீ தண்டாலையும் பஸ்கியையும் தன் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். 1964இல் அமெரிக்காவின் லாங் பீச் கராத்தே போட்டியில் ஒற்றைக் கையின் இரண்டு விரல்களில் அவர் புஷ்-அப் எடுத்துக் காட்டியதுதான் பலருக்கு அவரை அறிமுகப்படுத்தியது. ஜப்பானில் மல்யுத்த வீரர்களைப் பழக்கிய பெல்ஜியத்துக்காரர் கார்ல் காட்ச், புதியவர்களை முதலில் ஆயிரக்கணக்கில் பஸ்கி எடுக்க வைத்தார். அவரிடம் கற்ற அன்டோனியோ இனோகி 1976 டிசம்பரில் கராச்சி போய் மோதியது காமாவின் குடும்பத்தைச் சேர்ந்த அக்ரம் பயில்வானோடு.

சொந்த ஊரில் நிலைமை வேறு. 1947க்குப் பிறகு சமஸ்தானங்கள் மறைந்தன. அவற்றோடு பால், நெய்க் கணக்கும் முடிந்தது. கராடு அருகே கோலேஷ்வர் கிராமத்தைச் சேர்ந்த கே.டி. ஜாதவ் கதை அந்தத் திருப்பத்தில் நிற்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பியது கோலாப்பூர் மகாராஜா. மண்ணிலேயே பழகிய ஜாதவுக்கு விரிப்பு புதிது, விதிகளும் புதிது. ஆறாம் இடம் கிடைத்தது. அடுத்த நான்கு ஆண்டும் விரிப்பு விதிகளுக்காகவே பழகினார். 1952இல் ஹெல்சிங்கி போகப் பணம் இல்லை. மகாராஜா காலம் போய்விட்டது. அவர் படித்த ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டிகர் தன் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஊர்க்காரர்கள் மீதியைத் திரட்டினார்கள்.

ஹெல்சிங்கியில் ஜப்பானின் ஷோஹாச்சி இஷியோடு நீண்ட ஆட்டம் முடிந்த கையோடு, சோவியத் வீரர் ரஷீத் மமத்பேகோவோடு மோத வேண்டும் என்றார்கள். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவே அரைமணி நேர ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்லி வாதாட இந்திய அதிகாரி யாரும் அருகில் இல்லை. மூச்சு வாங்காமல் இறங்கிய ஜாதவ் தோற்றார். வெண்கலம் கிடைத்தது, சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் முதன்முதலாக வந்தது அப்படித்தான். ஊருக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, குஸ்திப் போட்டி நடத்தி, கிடைத்த பணத்தில் முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தது.

காமா பிரிவினைக்குப் பிறகு லாகூரில் இருந்தார். ஆதரித்த மகாராஜாக்கள் எல்லைக்கு இந்தப் பக்கம். கடைசிக் காலத்தில் நோயோடும் வறுமையோடும் போராடியவருக்கு இந்தியத் தொழிலதிபர் பிர்லா பண உதவி அனுப்பினார். 1960இல் காமா இறந்தார். வாழ்நாளெல்லாம் தோல்வி அறியாதவர் என்று பெயர் வாங்கியவரின் முதுமை அது.

பெண்களுக்கு இந்த ஏற்பாடு எதிலும் இடம் இருந்ததில்லை. அகாடா மண்ணில் பெண் காலடி வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். அதை மீறி அலிகாரின் ஹமீதா பானு 1940களிலும் 50களிலும் ஆண் பயில்வான்களுக்கே சவால் விட்டார். 1954இல் பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 விநாடியில் வீழ்த்தினார். அவரை ஆதரிக்க எந்த அரண்மனையும் இல்லை. டிக்கெட் வாங்கி வந்த கூட்டமே அவருடைய கஜானா. சில ஊர்களில் எதிர்ப்பால் அவருடைய போட்டிகள் ரத்தாயின.

மண்ணுக்குப் பதில் விரிப்பு வந்தபோது பயிற்சியின் கணக்கும் மாறியது. காமா காலத்துக் குஸ்திக்கு நேர வரம்பு கிடையாது. மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் உடம்பு வேண்டும், ஆயிரக்கணக்கில் தண்டால் அதற்குத்தான். இன்றைய ஆட்டம் மூன்று நிமிடம் வீதம் இரண்டு பகுதி. ஆறு நிமிடத்துக்குள் வெடித்துக் கிளம்பும் வேகமும், உடனே மூச்சைத் திரும்பப் பிடிக்கும் திறனும் வேண்டும். பளு தூக்குவது, கயிறு ஏறுவது, குறுகிய தூர ஓட்டம் எல்லாம் உள்ளே வந்தன. தண்டால் உடம்பைச் சூடேற்றும் பயிற்சியாகச் சுருங்கியது. கோலாப்பூரில் ஒருவேளை மண்ணிலும் மறுவேளை விரிப்பிலும் பழகுகிறவர்கள் இன்று ஏராளம். செலவை ஏற்பவர்களும் மாறிவிட்டார்கள். ரயில்வே, ராணுவம், போலீஸ் மூன்றும் வீரர்களுக்கு வேலை கொடுத்து, சம்பளத்தோடு பயிற்சிக்கு விடுகின்றன. ஜாதவே 1955இல் போலீஸ் சப் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவர்தான்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் 58 கிலோ பிரிவு வெண்கலத்துக்கான ஆட்டத்தில், ரோத்தக்கில் பழகிய சாக்ஷி மாலிக் முதல் பகுதியில் 0-5 என்று பின்தங்கியிருந்தார். இரண்டாம் பகுதியில் கிர்கிஸ்தானின் ஐசுலு டினிபெகோவாவை விடாமல் துரத்தி, கடைசி விநாடிகளில் 8-5 என்று முடித்தார். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அப்போது அவர் வடக்கு ரயில்வே ஊழியர். மாதச் சம்பளம் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது.